மூன்றாவது மாடி அக்காவுக்கு ஒரு முழம் பூ

தி.நகருக்குத் துணி எடுக்கப் போனால் முதலில் வலிப்பது எது என்று ஆண்களைக் கேட்டால் கால் என்பார்கள். அடையாற்றங்கரைக் குடிசைகளில் என்னோடு வளர்ந்து, இன்று ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு பிளாக்கில் இருக்கிற என் வயதுப் பெண்களே, உங்களுக்குத் தெரியும். முதலில் வலிப்பது அடிவயிறு. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அம்மாக்கள் சொல்லிவிடுவார்கள், “தண்ணி குடிக்காத, அங்க போறதுக்கு எடம் கெடையாது.” வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் நாம் குடிக்க மாட்டோம். கரும்புச்சாறு வண்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

அன்றைக்கு நான் குடித்துவிட்டேன். கடையில் இலவசமாகக் கொடுத்த மோர், இரண்டு டம்ளர். நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த மோரில் இருந்துதான் தொடங்குகிறது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. மயிலாப்பூரில் பெண்கள் பள்ளி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். இதை எழுதும்போது இன்றும் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. மறைக்க எனக்கு விருப்பமில்லை. நைனா வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். நைனாவின் அக்காவான அத்தை, கோயில் குளத்தோரம் பூ விற்றாள். மூன்று பேருக்கும் எழுத்து கிடையாது. ஆகவே வெளியுலகத்தின் எழுத்தெல்லாம் என் வழியாகத்தான் எங்கள் குடிசைக்குள் வந்தது. ரேஷன் கடைப் பலகை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, சுவரில் ஒட்டிய நோட்டீஸ். “பாப்பா, இதுல இன்னா போட்டுகீது?” என்று யாராவது கேட்பார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, டீச்சர் மாதிரி ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படிப்பேன். நான் சொன்னதுதான் அதில் எழுதியிருப்பது. அதைச் சரிபார்க்க வேறு ஆள் கிடையாது.

படிப்பதற்கு அடுத்து எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஓடுவது. பட்டினப்பாக்கம் மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவள், பள்ளி மைதானத்துக் கட்டாந்தரையில் ஓடியபோது யாரோ பின்னால் இருந்து தள்ளிவிடுவது போல் இருந்தது. விளையாட்டு டீச்சர் விசிலை வாயில் இருந்து எடுக்க மறந்து நின்றார். நானூறு மீட்டருக்கு என் பேரை எழுதிக்கொண்டார். பள்ளிகளுக்கு இடையே நடக்கும் போட்டி. பெற்றோர் சம்மதக் கடிதம் என்று ஒரு தாளும் கொடுத்தார்.

அந்த வாரமே நான் வயதுக்கு வந்தேன்.

உங்களுக்கெல்லாம் அந்த நாட்கள் நினைவிருக்கும். குடிசையின் ஒரு மூலையில் பச்சை ஓலையைச் சாய்த்து, அதற்குப் பின்னால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். காலையில் பச்சை முட்டை, அதன் மேல் நல்லெண்ணெய். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும். அத்தை உளுந்தங்களியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, வழித்துத் தின்று முடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். இடுப்புக்குப் பலமாம். எனக்கு இடுப்பைப் பற்றிய கவலையே இல்லை. கால்கள்தான் ஓலைக்குப் பின்னால் தாமாகத் துடித்துக்கொண்டிருந்தன.

சடங்கை ஆவணியில் வைத்துக்கொள்வதாக முடிவானது. போட்டி அதற்கு அடுத்த வாரம். தாளை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கேட்டேன்.

“இன்னாது? ஊரே வந்து சோறு துன்னுட்டுப் போவும். அதுங்க கை காயறதுக்குள்ள நீ அர டிராயர் மாட்டிக்கினு ஓடுவியா? அப்பால யாருடி உன்னக் கட்டிப்பான்?”

“ஏன், எம் புள்ள கட்டிப்பான்” என்றாள் அத்தை.

“அவன் மூக்க மொதல்ல தொடச்சி உடுங்கண்ணி.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் விஷயம் அந்தச் சிரிப்போடு முடிந்துவிட்டது. நைனாவிடம் போனேன். “உங்கம்மா சொல்லிட்டா இல்ல” என்று பீடியைப் பற்றவைத்தார்.

தாளை நான்காக மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டேன். எங்கே போனாலும் அது என் தொடையில் உரசிக்கொண்டே வந்தது. ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ரேஷன் கார்டு பாரம் என்று சொல்லி நீட்டியிருந்தால் அம்மா கட்டைவிரலை உருட்டித் தந்திருப்பாள். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியும் செய்யவில்லை. நான் மிகவும் நேர்மையானவள் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சடங்குக்குத் துணி எடுக்கப் போன நாளுக்கு வருகிறேன். தாய்மாமன் பட்டு கொண்டுவருவார். அது போக, அத்தை முறைக்கு ஒரு பாவாடை தாவணி எடுத்துத் தர வேண்டும். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, விற்காத மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அத்தை வந்துவிட்டாள். தி.நகரில் இறங்கியதும் அம்மா என் ஒரு கையையும் அத்தை மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தெருவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நடக்கவே வேண்டாம், காலைத் தூக்கினால் கூட்டமே கொண்டுபோய்விடும். சோளப் பொரி வாசனை, புதுத் துணியின் கஞ்சி வாசனை, யாருடைய தலையிலோ நேற்றைய கதம்பம்.

தாவணிப் பகுதி மூன்றாவது மாடியில். அங்கேதான் அந்த அக்கா. கடைச் சீருடைச் சேலை, இறுக்கிப் போட்ட கொண்டை, மோவாயில் ஒரு வெட்டுத் தழும்பு. சிரித்தால் அது இரண்டாக மடியும். நெஞ்சில் பேர் எழுதிய சின்னப் பட்டை. எழுத்து எங்கே இருந்தாலும் படிக்கிறவள் ஆயிற்றே, அதையும் படித்தேன். அவரைக் கேட்காமல் அந்தப் பேரை இங்கே எழுதுவது முறையில்லை.

மற்றவர்கள் ஸ்டூல் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த அக்கா குதிகாலை உயர்த்தி, ஒரே எட்டில் மேல்தட்டில் இருந்து துணிக்கட்டை உருவினார். பிரிக்கும்போது துணி காற்றில் ஒரு கணம் நின்று இறங்கும். ராமர் பச்சையில் ஒரு தாவணி, அரக்கு பார்டர். கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி அதைச் சுற்றிவிட்டார்.

“கையத் தூக்குங்க தங்கச்சி. நல்லா நிமிந்து நில்லுங்க. பச்ச உங்க நெறத்துக்கு எடுத்துக் குடுக்கு, பாருங்க.”

தென் மாவட்டத்துப் பேச்சு. எனக்குக் கேட்கக் கேட்க இனித்தது. அத்தைக்கு எதையாவது கேட்காவிட்டால் ஆகாது. “மோவாயில இன்னாமா அது?” என்றாள்.

“விழுந்துட்டேன், சின்னதுல.”

பாவாடை உயரம் பார்க்க அக்கா தரையில் குந்தினார். என் கெண்டைக்காலைப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“தங்கச்சி ஓடுவீகளோ?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், “ஓடினு இருந்தா. இனிமே இல்ல.”

அக்கா மறுபடி குனிந்தார். கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவி, மடிப்பு கலையாமல் செருகிவிட்டார். நேரம் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

பில் போட்டுவிட்டு, துணியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று இறங்கும்போதுதான் மோர் வேலையைக் காட்டியது. மாடியில் இருந்த கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து முறுக்கினேன்.

“அதான் குடிக்காதன்னு சொன்னேன் இல்ல!”

“உடுமே, கொழந்த மூஞ்ச பாரு” என்ற அத்தை என்னை இழுத்துக்கொண்டு தெருவில் விறுவிறுவென்று நடந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு மண்டபம். வாசலில் பலகை. அதன் மேல் ஓட்டத்தில் இருக்கிற ஒரு கால். ‘விளையாட்டு வீரர்களின் உருவப்படக் கண்காட்சி, அனுமதி இலவசம்.’ நான் படித்தேன். ஆனால் படித்துச் சொல்கிற நிலையில் இல்லை. உள்ளே மேசையருகே இருந்த பெண்மணி என் நடையைப் பார்த்தே புரிந்துகொண்டு, “இடது பக்கம் கடைசி” என்று கை காட்டினார். நல்லவர்.

நான் திரும்பி வந்தபோது உலகமே இலகுவாகிவிட்டிருந்தது. ஏசி குளிர் வேர்வையில் பட்டு உடம்பு சிலிர்த்தது. சுவர் நெடுகச் சட்டம் போட்ட படங்கள். குஸ்திக்காரர் ஒருவர், பந்தை நெஞ்சோடு அணைத்த ஒருவர், வலைக்குப் பின்னால் கண்ணைச் சுருக்கும் ஒருவர். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ஒரு மூலையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எக்கி நின்று ஒரு படத்தின் மேல் ஒரு முழம் மல்லிகையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. “அத்தே! இன்னா பண்ற?”

“இன்னா பண்றேனா? இத்தினி பேரு செத்துகீறாங்க. ஒருத்தருக்காச்சும் பூ கீதா பாரு. ஏசி போடத் தெரியுது, ஒரு முழம் பூ வாங்கத் தெரியல.”

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் குடிசைகளில் சட்டம் போட்டு மாட்டிய முகம் யாருடையது? உயிரோடு இருக்கிற யாரையாவது நாம் சுவரில் மாட்டியிருக்கிறோமா? அத்தையின் வெள்ளிக்கிழமை வியாபாரத்தில் பாதி, வீடுகளின் இறந்தவர் படங்களுக்குத்தான். ‘சாமிக்கு ரெண்டு, படத்துக்கு ஒண்ணு’ என்றுதான் அவள் முழம் போடுவாள். அவளுக்குச் சுவரில் ஒரு முகம் என்றால் பூ. அவ்வளவுதான்.

“ஏன் இந்தப் படத்துக்கு மட்டும் போட்ட?” என்றேன்.

“மத்ததாண்டயெல்லாம் நின்னு பாக்கறாங்க. இவளாண்ட ஒரு ஆளு இல்ல. சின்னப் பொண்ணு, பாவம்.”

படத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண். அரைக்கால் சட்டை, பனியன், நெஞ்சில் எண். ஓடத் தொடங்கும் கோட்டில் ஒரு முட்டி ஊன்றி, விரல்களைத் தரையில் பதித்து, தலையைத் தூக்கி நேராகப் பார்க்கிறாள்.

“அந்தச் சீட்டுல இன்னா போட்டுகீது? படி” என்றாள் அம்மா. அவள் குரல் தாழ்ந்திருந்தது. அவளும் இறந்துபோன பெண் என்றுதான் நினைத்திருந்தாள்.

கிட்டே போனேன். முதல் வார்த்தை ஒரு பேர். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சேலையில் குத்தியிருந்த பட்டையில் படித்த அதே பேர், அதே முன்னெழுத்து. அதன் கீழே மூன்று வரிகள். அவை இன்றும் எனக்கு மனப்பாடம். ‘மாநில அளவில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் பதக்கம் வென்றவர். தந்தையின் மறைவுக்குப் பின் ஓடுவதை நிறுத்தினார். தற்போது சென்னையில் ஒரு துணிக்கடையில் பணிபுரிகிறார்.’

தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முதல் வரியைச் சரியாகப் படித்தேன். இரண்டாம் வரியையும் படித்தேன். மூன்றாவது வரிக்கு வந்தபோது பாவாடைப் பைக்குள் தாள் உரசியது.

“தற்போது சென்னையில், ரயில்வேயில் பெரிய ஆபீசராக இருக்கிறார்” என்று படித்தேன்.

அம்மாவின் முகம் மாறியது. அந்தப் பெண்ணின் காலை, சட்டையை, எண்ணை, மேலிருந்து கீழ்வரை மறுபடி பார்த்தாள். “ஓடுனதுக்கா ரயில்வேல வேல குடுத்தாங்க?” என்றாள் மெதுவாக.

“ஆமாம்மா. ஓடுனா குடுப்பாங்க.”

இன்னும் ஒரே ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் தாளை எடுத்திருப்பேன். ஆனால் அத்தையின் மூளை என் மூளையைவிட வேகமாக ஓடியது.

“இருக்கிறாரா? அப்ப இவ சாவலியா? ஐயையோ, உயிரோட கீறவளுக்கா பூ போட்டேன்!” என்று பாய்ந்து எக்கிப் பூவைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது முகத்துக்கு முகம் கிட்டே வந்தது. அப்படியே நின்றுவிட்டாள். “யம்மே, இங்க வா. இந்தத் தழும்பப் பாரு. இவ… நமக்குத் தாவணி சுத்தி உட்டவ இல்ல?”

அம்மா வந்து பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். விழவில்லை.

“இத்தினி நாளா எனக்கு நீ எத்தினி படிச்சிகீற?” என்றாள்.

“அம்மா, இது மட்டுந்தாம்மா…”

“நைனாவுக்கு நெஞ்சு வலிச்சப்போ டாக்டரு எழுதிக் குடுத்தாரே, ஒண்ணியும் இல்லன்னு போட்டுகீதுன்னு படிச்சியே. அதுவும் இப்படித்தானா?”

“இல்லம்மா! சத்தியமா இல்ல. அது நெஜமாவே அப்படித்தான் போட்டிருந்துச்சு.”

“அத நான் எப்புடிடி தெரிஞ்சிக்கிறது?”

நான் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரிந்த எழுத்து, மறுபக்கம் நிற்கிறவளுக்கு எவ்வளவு இருட்டு என்று முதல்முறையாகப் பார்த்தேன்.

அத்தைக்கு வேறு கவலை. உயிரோடு இருக்கிறவள் படத்துக்குப் போட்ட பூவுக்கு ஈடாக அவள் தலையில் புதுப் பூ ஏறினால்தான் தோஷம் கழியுமாம். யார் சொன்னது என்று கேட்காதீர்கள்; பூ விஷயத்தில் அத்தை சொன்னதே சட்டம். பிடுங்கிய பூவை வாசல் தொட்டியில் போட்டுவிட்டு, “வா, வா” என்று எங்களைத் தள்ளிக்கொண்டு மறுபடி கடைக்குள் நுழைந்தாள். அம்மா என் கையைப் பிடிக்காமல் மூன்று மாடியும் முன்னால் ஏறினாள்.

அந்த அக்கா யாரோ கலைத்துப் போட்டுவிட்டுப் போன தாவணிகளை மடித்துக்கொண்டிருந்தார். “என்னம்மா, கலர் மாத்தணுமா?”

“இந்தா பொண்ணே, கொஞ்சம் குனி” என்றாள் அத்தை. என்ன ஏது என்று கேட்பதற்குள் பையில் இருந்து ஒரு முழம் எடுத்து அந்தக் கொண்டையில் சுற்றிவிட்டாள். “நூறு வயசு இருக்கணும்.”

“எதுக்கும்மா இது?”

“உம் படம் பாத்தோம்” என்றாள் அம்மா. “பின்னாடித் தெரு மண்டபத்துல மாட்டி வெச்சிகீறாங்க.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “ஊருக்கு யாரோ வந்து என் பழைய படத்த வாங்கிட்டுப் போனாகன்னு எங்கம்மா சொன்னாக. இங்கனயா வச்சிருக்காக?” சூப்பர்வைசர் எங்கே என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “டவுசர் போட்ட படமா?”

“அதேதான்.”

தழும்பு இரண்டாக மடிந்தது. “கீழ என்ன எழுதியிருக்காக?”

அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். “எம் பொண்ணு சொல்லுவா. படிச்ச பொண்ணு. சொல்லு. அவங்க மூஞ்சப் பாத்து, உள்ளது உள்ளபடி சொல்லு.”

கையைப் பின்னால் கட்டத் தோன்றவில்லை. முதல் வரி சொன்னேன். இரண்டாம் வரி சொன்னேன். மூன்றாவது வரியில் குரல் உடைந்து, ‘துணிக்கடையில்’ என்பதற்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

“சரியாத்தான எழுதியிருக்காக? இதுக்கு ஏன் தங்கச்சி அழுதீக?”

“அங்க வேற மாதிரி படிச்சா” என்றாள் அம்மா. “நீ ரயில்வேல பெரிய ஆபீசராம்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு விரல்களுக்கு இடையே பீறிட்டது. “ரயில்வேக்கும் எழுதிப் போட்டேன் தங்கச்சி. கூப்பிடல. நீங்களாச்சும் குடுத்தீகளே.”

அம்மா சிரிக்கவில்லை. “நெஜமா கேக்குறேன். ஓடி இன்னாத்தக் கண்ட?”

அக்கா ஒரு தாவணியை மடித்து முடித்தார். “கால் வலிக்காதும்மா. இங்க நாள் முழுக்க உக்காரக் கூடாது பாத்துக்கோங்க. ராத்திரி கடை ஹாஸ்டல்ல மத்த பிள்ளைகள்லாம் காலச் சுடுதண்ணில வச்சிக்கிட்டு அழும். எனக்கு ஒண்ணும் செய்யாது.”

“அவ்ளோதானா?” என்றாள் அத்தை.

இன்னொரு தாவணியை எடுத்து, அதன் முனையும் முனையும் சேர்த்தார். “ஓடுதப்ப கூட யாரும் வர முடியாதுல்லா. எங்கப்பா, எங்கண்ணன், யாரும். ஒரு நிமிசந்தான். அந்த நிமிசம் முழுக்க நான் மட்டுந்தான். அதுக்கப்புறம் அப்படி ஒரு நிமிசம் எனக்கு அமையல.”

அம்மா கலைந்து கிடந்த ஒரு தாவணியை எடுத்துத் தானும் மடித்து வைத்தாள். விடிந்ததில் இருந்து நாலு வீடு, அப்புறம் எங்கள் வீடு. அவளுக்கு அப்படி ஒரு நிமிடம் எப்போதாவது இருந்ததா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

“அந்தப் பேப்பரு எங்க?” என்றாள்.

“எதும்மா?”

“நெதம் பாவாடையில வெச்சிகினு சுத்துறியே, அது.”

எடுத்துக் கொடுத்தேன். மடிப்பில் நைந்து போயிருந்தது. அம்மா அதை என்னிடமே திருப்பி நீட்டினாள். “படி.”

படித்தேன். என் மகள் போட்டியில் கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன் என்று நாலு வரி. முடித்ததும் அம்மா தாளை என் கையில் இருந்து எடுத்து அக்காவிடம் கொடுத்தாள்.

“இப்ப நீ படிம்மா.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படித்தார். அதே நாலு வரி. ஒவ்வொரு சொல்லுக்கும் அம்மா தலையாட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை விழுந்திருந்தால் அத்தனை வலித்திருக்காது.

கீழே துணி வாங்கும் கவுன்டரில், பில்லில் முத்திரை குத்துகிற ஊதா மைப்பெட்டி இருந்தது. அம்மா அதில் கட்டைவிரலை அழுத்தினாள்.

“இன்னாமா, பில்லுல கைநாட்டா?” என்றார் கவுன்டர்காரர்.

“பில்லு இல்லண்ணே. எம் பொண்ணு ஓடப் போறா.”

அரை டிராயருக்கு மட்டும் அவள் கடைசிவரை இறங்கி வரவில்லை. முழுக்கால் பேண்ட் ஒன்று வாங்கினோம், ‘வளர்ற புள்ள’ என்று இரண்டு அளவு பெரியதாக. இடுப்பில் பாவாடை நாடாவைக் கட்டிக்கொண்டு ஓடினேன். வளைவில் நாடா அவிழ, ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு நாலாவதாக வந்தேன். வேலி ஓரத்தில் அத்தை, “உடாத, உடாத!” என்று கத்தினாள். ஓட்டத்தைச் சொன்னாளா, பேண்டைச் சொன்னாளா என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு. ஆனால் முதல் வளைவுக்கும் இரண்டாம் வளைவுக்கும் நடுவில், அந்த அக்கா சொன்ன நிமிடத்தில் கொஞ்சம் எனக்கும் கிடைத்தது.

அடுத்த தீபாவளிக்குப் போனபோது மூன்றாவது மாடியில் அவர் இல்லை. ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தம் படத்தை அவர் பார்த்தாரா என்று தெரியாது. பச்சைத் தாவணி, வெள்ளம் வந்த வருடம் டிரங்குப் பெட்டியோடு ஆற்றில் போனது. நம் குடிசைத் தெருவே பிறகு போனது, உங்களுக்குத் தெரியாததா.

போகாமல் நின்றது ஒன்றுதான். அன்றில் இருந்து அம்மா எதையும் இரண்டு பேரிடம் படிக்கக் கேட்டாள். திட்டியதில்லை, குத்திக்காட்டியதில்லை. நான் படித்து முடித்ததும் “சரி” என்று வாங்கி மடித்து இடுப்பில் செருகுவாள். மறுநாள் அது மந்தைவெளியில் ஏதாவது ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரிந்திருக்கும். பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்கைக்கூட அவள் வேறொருவர் வாயால் கேட்ட பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதாள். ஊருக்கு வெளியே வீடு ஒதுக்கிய கடிதத்தை நான் படித்தேன். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணும் படித்தாள். தரமணியில் எனக்கு வேலை கிடைத்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதையும் இரண்டு பேர் படித்தோம். முதுநிலைப் பட்டம் வாங்கியவள் நான். என் அம்மாவுக்கு என் படிப்பு மட்டும் போதவில்லை. குறை அவளிடம் இல்லை என்று ஒத்துக்கொள்ளவே எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

போன மாதம் அவளுக்கு முட்டி வலி. ஊருக்கு வெளியே இருக்கிற அந்த அடுக்குமாடியில் இருந்து இன்றும் இரண்டு பஸ் மாறி மந்தைவெளிக்கு வேலைக்குப் போகிறாள். ‘போதும், நிறுத்து’ என்று நான் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன். தி.நகரில் அவளுக்கு நாலு சேலை எடுத்துவிட்டு, அப்படியே பக்கத்தில் ஸ்கேன் எடுத்த இடத்தில் ரிப்போர்ட் வாங்கினோம். பூங்கா ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இப்போதும் இரண்டு பேரும் தண்ணீர் குடித்திருக்கவில்லை.

“இன்னா போட்டுகீது, படி” என்றாள்.

படித்துப் பார்த்தேன். லேசான தேய்மானம், வழக்கமான வேலைகளைச் செய்யலாம் என்றிருந்தது. ஒரு வரி. அந்த ஒரு வரியை மாற்றினால் நாளையில் இருந்து அவள் வீட்டில் இருப்பாள். அவள் நன்மைக்காகத்தான். என் தொண்டை செருமத் தயாரானது.

உள்ளது உள்ளபடி படித்தேன்.

“பாத்தியா? நான் சொன்னேன் இல்ல, ஒண்ணியும் இல்லன்னு” என்று காலை நீட்டி மடக்கிக் காட்டினாள். ரிப்போர்ட்டை வாங்கி நான்காக மடித்தாள். இடுப்பில் செருகாமல் சேலைப் பைக்குள், துணிகளுக்கு அடியில் போட்டாள்.

“மந்தைவெளியில யார்கிட்டயாச்சும் காட்டுவியா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள் அம்மா. “அதான் நீ படிச்சிட்டியே.”

மறுநாள் விடிகாலை பஸ்ஸுக்கு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.